சுக்கிரனுக்கு எடுத்த அளவு

அண்ணி,

“இதை வெட்டியது என் அண்ணி.” அன்று நுவரெலியாவில் நான் சொல்லாமல் விட்டது இந்த நான்கு சொற்களைத்தான். கேட்டவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் இரண்டடி தள்ளி, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றீர்கள். நான்கு சொற்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பிறகு பல தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சுக்கூட முழுதாக வேண்டியதில்லை.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகைத் தாள். முன்னறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அண்ணன் அலுமாரியை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் உங்கள் அளவுத்தாள்களில் ஒன்று சிக்கிக் கிடந்தது. துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் நீங்கள் பழைய பத்திரிகையில் வெட்டிப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு தாளிலும் ஆளின் பெயரையும் அளவையும் எழுதிச் சுவரில் இருந்த ஆணியில் குத்திவைப்பீர்கள். கோயிலடி ரீச்சர், நெஞ்சு முப்பத்தாறு. கட்டுகஸ்தோட்டை ஹாஜியார் மகள், கை முழு நீளம். எங்கள் மஹய்யாவக் குடியிருப்புப் பெண்களில் பாதிப் பேர் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறார்கள் என்று அண்ணன் கேலி செய்வார்.

நான் எடுத்த தாள் எந்த உடம்புக்கும் உரியதாக இல்லை. இரண்டு முனையும் கூராக, நடுவில் அகன்று, பெரிய மாவிலை மாதிரி இருந்தது. ஓரத்தில் உங்கள் கையெழுத்து: “பெயர் சுக்கிரன். சுற்று 132. பன்னிரண்டு பீஸ். லூஸ் 1.”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் பேராதனையில் பௌதிகவியல் இறுதி ஆண்டு. எல்லோரும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டி, அதைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுத வேண்டும். நான் பலூனை எடுத்துக்கொண்டேன். எண்பத்தைந்தாம் ஆண்டில், நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, சோவியத் விண்கலங்கள் இரண்டு வெள்ளிக் கிரகத்தின் மேகங்களுக்குள் ஆளுக்கொரு பலூனை விட்டன. அந்தக் கிரகத்தின் தரையில் ஈயம் உருகும். ஆனால் ஐம்பத்து நான்கு கிலோமீற்றர் மேலே போனால் சூடு கிட்டத்தட்ட நம் ஊர் வெயில்தான், அழுத்தம் நம்முடையதில் பாதி. அந்த உயரத்தில் ஏறாமலும் இறங்காமலும் மிதந்து, காற்று இழுத்த பக்கமெல்லாம் போய், இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக அவை செய்தி அனுப்பின. அப்படி ஒரே மட்டத்தில் நிற்கும் பலூன் ஒன்றை ஒரு மண்டபத்துக்குள் மிதக்க வைப்பது என் திட்டம்.

சாப்பாட்டு மேசையில் நான் கீறி வைத்திருந்த படத்தை நீங்கள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தீர்கள்.

“என்ன தங்கச்சி, பாவாடை தைக்கப் போறியா?”

“பலூன் அண்ணி. வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பினாங்களே, அந்த மாதிரி.”

“வெள்ளின்னா சுக்கிரன்தானே. எங்க கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த ஐயரு, பொண்ணுக்குச் சுக்கிரன் நல்ல எடத்துல நிக்கிறாருன்னாரு. எங்க நின்னாருன்னு இன்னும் தெரியல. உங்க அண்ணன் வேனுக்குப் பின்னாலயோ என்னமோ.”

பாடசாலை வேன் ஓட்டும் அண்ணன் ரொட்டியைப் பிய்த்தபடி, “வேனுக்கு மேல ஏத்திக் கட்டியிருக்கேன், போய்ப் பாரு” என்றார்.

“இது குடை வெட்டு” என்றீர்கள் படத்தைத் திருப்பி. “உள்பாவாடைக்கு ஆறு பீஸ், இதுக்குப் பன்னிரண்டு. ரெண்டு பக்கமும் மூடணும், அவ்வளவுதான்.”

எனக்கு இரண்டு வாரமாகப் பிடிபடாமல் இருந்த விஷயம் அது. தட்டையான தாளிலிருந்து ஓர் உருண்டையை எப்படி எடுப்பது என்று சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் கை கழுவிவிட்டு வந்து, தரையில் பத்திரிகையை விரித்து, நாடாவை ஒரு தரம் வைத்து, ஒரே இழுப்பில் கோடு போட்டீர்கள். என் விடைக்கும் உங்கள் கோட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம். என் கணக்கில் ஒரு பீஸ் நடுவில் பதினொரு அங்குலம். உங்களுடையது பன்னிரண்டு.

“ஒரு அங்குலம் ஏன் கூட?”

“லூஸ்.”

“இதுக்கு லூஸ் விடக் கூடாது அண்ணி. இறுக்கமா நிக்கணும். அப்பதான் ஒரே உயரத்துல மிதக்கும்.”

“உள்ள இருக்கிறது மூச்சு விட வேணாமா?”

“உள்ள ஆள் இல்ல. ஹீலியம்.”

“அது மூச்சு விடாதுன்னு நீ கேட்டுப் பார்த்தியா? ஒரே அளவுல இருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கல தங்கச்சி. காலையில ஒரு அளவு, சோறு தின்ன பிறகு ஒரு அளவு.”

நான் கோபப்பட்டேன். நான்கு வருடம் படித்தவள் சொல்கிறேன் என்று சொன்னேனா, அல்லது அப்படி முகத்தை வைத்துக்கொண்டேனா என்று இப்போது ஞாபகமில்லை. உங்கள் அளவில் வெட்டிய பலூனை முதலில் முடித்தீர்கள். பிறகு என் அளவில் இன்னொன்று. பரிசுப் பொருள் சுற்றும் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளை இரண்டு விளிம்பும் சேர்த்து வைத்து, மேலே எண்ணெய்த்தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் மட்டும் அழுத்திக்கொண்டே போவீர்கள். ஒரு வாரம் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் சூடேறும் மணம். தைக்கக் கொடுத்த பெண்கள் வந்து கேட்டால், “சுக்கிரனோட சட்டை அவசரம், அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பினீர்கள். அவர்கள் சுக்கிரன் யார், புது மாப்பிள்ளையா என்று கேட்டார்கள்.

அதைச் செய்து காட்ட வேண்டிய கண்காட்சி நுவரெலியாவில், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக. கண்டியில் விழா அலங்காரக் கடை ஒன்றில்தான் ஹீலியம் கிடைத்தது. சிலிண்டரை வெளியே கொடுக்க மாட்டோம், இங்கேயே நிரப்பிக்கொண்டு போங்கள் என்றார்கள். அதனால் காலையிலேயே நிரப்பினோம். என் பலூன் மத்தளம் போல் இறுகி நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி வைத்திருந்தார். பலூன் அங்கே முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. நீங்கள் அதை அணைத்துப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தீர்கள்.

கம்பளை, புசல்லாவ தாண்டி றம்பொடைக்குக் கிட்ட வரும்போது, பின்னால் ஏதோ முனகுகிறது என்றீர்கள். அண்ணன் தேநீருக்கு நிறுத்தினார். கடையில் மரவள்ளிச் சிப்ஸ் பைக்கற்றுகள் மாலையாகத் தொங்கின. எல்லாம் தலையணை மாதிரி உப்பி இருந்தன. அந்தப் பாதையில் போன எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான் அது. மேலே போகப் போகக் காற்று இளைக்கும், மூடிய பை உப்பும். எனக்கும் தெரியும். வேறொரு கிரகத்தில் எந்த உயரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். பேராதனைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் எவ்வளவு என்று மட்டும் பார்க்கவில்லை.

நீங்கள் ஒரு பைக்கற்றை வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்து, என்னிடம் நீட்டினீர்கள். “தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரு.”

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்தது. பைக்கற் இல்லை, வேனுக்குள் இருந்த பலூன்.

அண்ணன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஓடிப் போய் நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தார். “டயர் நாலும் நல்லாத்தானே இருக்கு” என்று இரண்டு தடவை சொன்னார். வேனின் பின்பக்கம் முழுக்கப் பளபளப்பான கிழிசல். எனக்கு அழுகை வரவில்லை. தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்து உங்கள் துணிப்பையைத் திறந்தீர்கள். உள்ளே உங்கள் அளவில் செய்த முதல் பலூன், சேலை மாதிரி மடித்தபடி.

“எதுக்கும் இருக்கட்டுமேன்னு எடுத்தாந்தேன்” என்றீர்கள். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. “கேஸுக்கு எங்க போறது?” என்றேன், அதுவும் உங்கள் குற்றம் போல.

நுவரெலியாவில் வாவிக்கரையில் பலூன் விற்பவரை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அவரோடு சிங்களத்தில் பேசியதும் நீங்கள்தான். இவ்வளவு பெரிய பலூனை எந்தப் பிள்ளை தூக்கும் என்று அவர் கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். அவர் சிரித்துக்கொண்டே நிரப்பினார். பலூன் முழுவதும் இறுகவில்லை. பக்கங்களில் மெல்லிய சுருக்கம் இருந்தது. கண்காட்சி மண்டபத்தில் பலூனின் அடியில் ஒரு சிறு பை கட்டி, நீங்கள் பாசிப்பயறை முதலில் கைப்பிடியாக, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டீர்கள். கடைசிப் பயறுக்குப் பிறகு அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நம் தலைக்குச் சற்று மேலே, யாரும் தொடாமல் நின்றது. நூறு பிள்ளைகள் சத்தமில்லாமல் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சில நிமிடங்களை நினைக்கும்போது மட்டும் எனக்குக் குழப்பம் வருவதில்லை.

பிறகு எனக்கு மதிப்பெண் போட வேண்டிய விரிவுரையாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எளிதில் பாராட்டாதவர். பலூனைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொருத்துகளைப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை இதை வெட்டினது? பொருத்து இருக்கிற இடமே தெரியேல்லை.”

“நான்தான் சேர்.”

“ஓம்? நல்ல கை உமக்கு.” பிறகு உங்களைப் பார்த்தார். “இவ ஆர்?”

“எங்களோட வேன்ல வந்தவங்க.”

முதல் பொய்க்கு ஏதாவது சமாதானம் தேடலாம். மதிப்பெண் என்று சொல்லலாம், பதற்றம் என்று சொல்லலாம். இரண்டாவதை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மஹய்யாவ என்றால் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், கெம்பஸில் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கண்டி டவுனுக்குப் பக்கத்தில் என்பேன். அப்பா நகரசபையில் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன். என் அண்ணி என்று சொல்லியிருந்தால், அடுத்து எங்கே படித்தவ, எங்கே இருக்கிறீங்கள் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விகளுக்குப் பயந்தேன் என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, அவர் “நல்ல கை உமக்கு” என்று சொன்னபோது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றுப்போகிறேன்.

நீங்கள் அவரைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தீர்கள். கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தீர்கள். அவ்வளவுதான். அது கோபமா, வேலை முடிந்தால் நீங்கள் எப்போதும் செய்வதா?

திரும்பி வரும்போது நீங்கள் கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்களோ சிப்ஸ் பைக்கற்றைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். இறங்க இறங்க அது ஒட்டிப்போனது. கம்பளை வந்தபோது சாதாரணப் பைக்கற்.

“ஏன் தங்கச்சி, அந்தச் சுக்கிரன் பலூன் ரெண்டும் பிறகு என்னாச்சு?”

“பற்றரி முடிஞ்சிருச்சு அண்ணி. செய்தி வரல.”

“அது சரி. பலூன் என்னாச்சு?”

“தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் மிதந்திருக்கும். இல்லாட்டி வெயில் பக்கம் போனதும் வெடிச்சிருக்கும்.”

“யாரும் தேடலையா?”

“தேட முடியாது அண்ணி. சத்தம் வந்தாத்தான் இருக்கிற எடம் தெரியும்.”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். “அப்ப சத்தம் போட்ட வரைக்கும்தான் கணக்கு” என்றீர்கள். முன்னால் இருந்து அண்ணன், “சத்தம் போடுறதுல நீ சுக்கிரனுக்கே பாடம் எடுப்ப” என்றார். நீங்கள் சிரித்தீர்கள். பைக்கற்றைப் பிரித்து முதலில் எனக்குத்தான் நீட்டினீர்கள்.

மூன்று மாதத்தில் நீங்கள் போனீர்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், நாளைக்கு என்ன கறி என்பது போலச் சொன்னீர்கள்: “ஜோர்தான்ல காமன்ட் பக்டரியில தையல் வேலை. ரெண்டு வருஷம். எல்லாம் சரியாயிருச்சு.”

“இங்க என்ன குறை?” என்று அண்ணன் கேட்டார்.

“குறைன்னு நான் சொன்னேனா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். இன்றுவரை அண்ணன் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் தன் வாய்தான் காரணம் என்பார். ஒரு நாள் பிள்ளை இல்லாதது என்பார். நுவரெலியா மண்டபத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர் அப்போது வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஞாயிறுதோறும் குரல் செய்தி அனுப்புவீர்கள். ஒன்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். “இங்க நான் சட்டையோட இடது கை மட்டும்தான் தைக்கிறேன் தங்கச்சி. காலையில இருந்து இடது கை. வலது கை தைக்கிறவ வேற வரிசை, அவ மூஞ்சியையே நான் பார்த்ததில்ல. யாருக்குத் தைக்கிறோம்னு பேரும் கிடையாது. உன் பலூனுக்காவது ஒரு பேர் இருந்துச்சு.” பின்னால் இயந்திரங்களின் சத்தம். நான் பதிலுக்கு ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினேன்.

இன்று கிடைத்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தொலைபேசி எண். அதன் கீழே: “ஏஜென்சி, செவ்வாய் பத்து மணி, பாஸ்போர்ட்டோட.” கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு வெட்டிய தாள் இது. அப்படியென்றால் அதற்கு முன்பே நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். நான் காரணம் இல்லை. ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அடுத்த நிமிடம், கண்காட்சிக்குப் பிறகும் அந்தத் தாள் ஆணியில்தான் தொங்கியது என்பது நினைவுக்கு வந்தது. நுவரெலியாவிலிருந்து வந்த அடுத்த நாளும் அதை எடுத்து எழுதியிருக்கலாம். பென்சில் எழுத்துக்கு வயது தெரிவதில்லை. வெளிச்சத்தில் பிடித்தும் சாய்த்தும் பார்த்தேன். ஒருவேளை நீங்கள் போனது போக வேண்டும் என்பதற்காகத்தானோ, எங்கள் யாருக்கும் அதில் பங்கே இல்லையோ? அப்படி இருந்தால் நான் நிம்மதியடைய வேண்டும். அதற்குப் பதிலாக ஏதோ பறிபோனது போல் இருக்கிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

லூஸ் விஷயத்தில் உங்கள் கணக்குச் சரி. பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். உங்கள் பலூனைக் கண்டியிலேயே, என் பலூனுக்குப் போட்ட அதே அளவு ஹீலியத்தை மட்டும் போட்டு நிரப்பியிருந்தாலும், அது றம்பொடையைத் தாண்டி நுவரெலியா வரை வெடிக்காமல் வந்திருக்கும். இதையும் உங்களிடம் சொல்லவில்லை. நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இப்போது நான் பேராதனையில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் எதையும் பார்த்து, யார் செய்தது என்று கேட்பது என் வேலை. கேட்ட பிறகு அவர்களைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். என்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், சாதாரண விஷயமாக இருந்தாலும், என் நாக்கு ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது. உங்கள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். மாவிலை வடிவம் என்பதால் எந்தப் பக்கம் மடித்தாலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

நுவரெலியாவுக்குப் பிறகு நடந்தது இது. நீங்கள் போன இரண்டாவது மாதம் அறிக்கையை ஒப்படைத்தேன். எட்டாவது மாதம், ஒரு காலையில், வேலைக்கு எழுப்ப வந்த பெண் உங்களைத் தொட்டுப் பார்த்தாள். இதயம் நின்றதாக உங்கள் உடலோடு வந்த தாளில் எழுதியிருந்தது. மஹய்யாவ மயானத்தில் மழையில் புதைத்தோம். அறிக்கை பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் நன்றிப் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ஹீலியம் நிரப்பிய கடைக்காரரின் பெயர்கூட இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை.